கடிவாள வார், வண்டியின் கைப்பிடி அல்ல

மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் சாலையை ஒட்டிய ஒரு திடலில் குதிரையேற்றம் கற்றுத்தரும் நான், புதிதாக வரும் பெரியவர்களிடம் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். சேணத்தில் அமர்ந்ததும் அவர்களுடைய உள்ளங்கைகள் தரையை நோக்கிக் கவிழ்ந்துகொள்கின்றன, முழங்கைகள் இருபுறமும் விரிகின்றன, மணிக்கட்டு விறைக்கிறது. பல ஆண்டுகள் இருசக்கர வண்டி ஓட்டிப் பழகிய கைகள் அப்படித்தான் பிடிக்கும். ஆனால் வண்டியின் கைப்பிடி நம் எடையைத் தாங்குவதற்கென்றே பொருத்தப்பட்டது. கடிவாள வாரின் மறுமுனையில் இருப்பதோ ஓர் உயிரின் வாய்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு நாக்கின் மீதும் அந்த இடைவெளியின் ஈறுகள் மீதும்தான் படிகிறது. அங்கே எலும்பை மூடியிருப்பது மெல்லிய சவ்வே என்பதால், மேலே கை குலுங்கும் ஒவ்வொரு முறையும் கீழே வலிக்கிறது. குதிரை தலையை உதறும், வாயைப் பிளக்கும், முன்னே செல்லத் தயங்கும். அதைக் கண்டு முரட்டுக் குதிரை என்று பெயர் வைத்து, வாரை இன்னும் இறுக்குகிறவர்களைப் பார்க்கையில் மனம் மிகவும் வேதனைப்படுகிறது.

மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தபோது, முதல் நாளிலேயே அவர் கை மென்மையாக இருந்தது. சிறு வயது முதல் மாட்டு வண்டி ஓட்டியவர் அவர். மூக்கணாங்கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் மாட்டுக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வார் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே நுழைந்து, உள்ளங்கை வழியாக மேலேறி, ஆள்காட்டி விரலின் மேல் கட்டைவிரலால் அழுத்தப்பட வேண்டும். கட்டைவிரல் மேலே இருக்க, இரண்டு கைகளும் ஏறத்தாழக் கடிவாள இரும்பின் அகலத்துக்கு விலகி, குதிரையின் தோள் மேட்டுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு முழங்கை, மணிக்கட்டு, வார், குதிரையின் வாய் ஆகிய நான்கும் ஒரே நேர்க்கோட்டில் தெரிய வேண்டும். கட்டைவிரலுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்பவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு உள்ளங்கைகளைக் கவிழ்க்கச் சொல்வேன். முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுவதால் முழங்கை தானாகவே வெளியே தள்ளப்படுவதையும், அதன் நெகிழ்ச்சி குறைவதையும் அவர்களே உணர்ந்துகொள்வார்கள்.

கையை அசைக்காதே என்று பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். நடையிலும், கேன்டர் எனப்படும் மிதமான பாய்ச்சலிலும் குதிரை ஒவ்வோர் எட்டுக்கும் தலையை ஆட்டுவதால் கையும் அதனோடு முன்பின் போய்வர வேண்டும். டிராட் எனப்படும் துள்ளோட்டத்தில் தலை பெரும்பாலும் நிலையாக இருக்கும். அந்தத் தாளத்துக்கு ஏற்பச் சேணத்திலிருந்து எழுந்து அமர்பவரின் உடல்தான் மேலும் கீழும் போகிறது. அப்போது எழும்போது முழங்கை விரிந்து, அமரும்போது மடங்கினால்தான் கை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே பூட்டிய முழங்கையோடு அசையாத கையை எதிர்பார்ப்பது வீண்.

என் அனுபவத்தில் கையின் பிழைக்கு வேர் பெரும்பாலும் சேணத்தில் அமரும் விதத்தில்தான் இருக்கிறது. சமநிலை தவறுகிறவர் எதையாவது பிடித்துக்கொள்வார். கையில் இருப்பது வார் என்பதால் அதையே பிடித்துத் தொங்குகிறார். கையை இறக்கு, இறக்கு என்று நூறு முறை கத்தினாலும் அது மாறாது. எனவே புதியவர்களுக்கு நான் முதலில் வாரையே கொடுப்பதில்லை. நீண்ட கயிற்றில் குதிரையை நான் வட்டமாக ஓட்ட, அவர்கள் குதிரையின் கழுத்தில் கட்டிய தோல்பட்டையைப் பிடித்துக்கொண்டோ, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டோ டிராட்டில் அமர்ந்து பழகுகிறார்கள். வார் கைக்கு வந்த பிறகு, இரண்டு கட்டைவிரல்களுக்கும் அடியில் ஒரு மெல்லிய பிரம்பைக் கிடையாக வைத்து, சாயாமல் திடலைச் சுற்றிவரச் சொல்கிறேன். எந்தக் கை உயர்கிறது, எது பின்வாங்குகிறது என்பதைப் பிரம்பே காட்டிக்கொடுத்துவிடும்.

பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர், முதல் வாரத்திலேயே வாரைக் கொடுக்கவில்லையே என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. குதிரையின் உதட்டோரத்தை அவர்களுக்குக் காட்டுகிறேன். வேறு இடத்தில் பழக்கப்பட்டு எங்களிடம் வந்த ஒரு குதிரைக்கு அங்கே பழைய தழும்பு இருக்கிறது.