தன் அகலத்தை அறிந்த பெட்டி

மாரி பிறந்துவிட்டால் வன்னியில் ஆளையாள் கேட்பது ஒன்றைத்தான்: குளத்தில் எத்தனை அடி நிற்குது? இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம் என்று ஒவ்வொன்றின் நீர்மட்டத்தையும், வான்கதவு திறந்தாயிற்றா என்பதையும் காட்டும் இணையப் பக்கம் ஒன்றைக் கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் மாணவி ஒருத்தி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். குளத்துக்கு ஒரு பெட்டி. அதற்குள் படம், பெயர், நீர்மட்டம். இதே பெட்டி பக்கத்தின் நடுவில் அகலமாக வரும், ஓரத்து நிரலில் ஒடுங்கி வரும், போனில் வேறோர் அளவில் வரும். எங்கே வைத்தாலும் அது ஒழுங்காகத் தெரியவேண்டும்.

2010இல் வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்கொட், திரைக்கு ஏற்ப மாறும் ‘ரெஸ்பொன்சிவ்’ வடிவமைப்பு என்ற கருத்தை முன்வைத்த நாளிலிருந்து இதற்கு நாம் கையாண்ட கருவி, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியிலுள்ள மீடியா குவெரி. அது திரையின் அகலத்தைக் கேட்கும். திரை 1200 பிக்சல் என்றால் படத்தை இடப்பக்கமும் எழுத்தை வலப்பக்கமும் வை என்று எழுதுவோம். நடுவில் உள்ள பெட்டிக்கு அது பொருந்தும். ஓரத்து நிரலில் 280 பிக்சலுக்குள் நிற்கும் பெட்டிக்கும் அதே கட்டளைதான் போகும்; அங்கே படமும் எழுத்தும் நெரிபடும். பெட்டிக்குத் தேவையானது தான் நிற்கும் இடத்தின் அகலம். திரையின் அகலம் அதற்கு எதையும் சொல்லாது.

அப்படியானால் பெட்டியின் அகலத்தையே கேட்கலாமே? கேட்க முடியாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஒரு பெட்டி தன் உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரிகிறது என்று எடுங்கள். ‘அகலம் 400 பிக்சலைத் தாண்டினால் எழுத்தைச் சிறிதாக்கு’ என்று விதி எழுதுகிறோம். உள்ளே இருக்கும் எழுத்து பெட்டியை 420க்குத் தள்ளுகிறது. விதி வேலை செய்கிறது, எழுத்து சிறுக்கிறது, பெட்டி 380க்கு ஒடுங்குகிறது. இப்போது விதி பொருந்தாது. எழுத்து மறுபடி பெருக்கிறது, பெட்டி மறுபடி 420. பிரவுசர் இந்தச் சுழலிலிருந்து வெளியே வரவே வழியில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

சிஎஸ்எஸ் விதிமுறைகளை எழுதுவோரில் ஒருவரான மிரியம் சுசான் முன்னின்று வரைந்த கொன்டெய்னர் குவெரி, அதாவது சுற்றியுள்ள பெட்டியின் அகலத்தைக் கேட்கும் விதி, சுழலை ஒரு பக்கத்தில் வெட்டிவிடுகிறது. வெளிப்பெட்டிக்கு ‘கொன்டெய்னர்-டைப்: இன்லைன்-சைஸ்’ என்று எழுதினால், அதன் அகலத்தைக் கணக்கிடும்போது உள்ளே ஒன்றுமே இல்லை என்பதுபோல பிரவுசர் நடந்துகொள்ளும். அகலம் வெளியிலிருந்து மட்டும் வரும். உள்ளடக்கம் திருப்பித் தள்ள முடியாது. அகலம் உறுதியான பிறகே உள்ளே இருப்பவற்றின் விதிகள் பார்க்கப்படும். உயரத்தை இது கட்டிப்போடுவதில்லை, அது உள்ளடக்கத்தோடு தாராளமாக வளரலாம். 2022இல் குரோமிலும் சஃபாரியிலும் வந்தது, 2023 பெப்ரவரியில் ஃபயர்பொக்ஸிலும் சேர்ந்தது. அதற்கு முன் இதே வேலையை ஸ்கிரிப்ட் எழுதித்தான் செய்தோம். சிக்னல் மெலிந்த இடத்தில் அந்த ஸ்கிரிப்ட் பிந்தி வந்து சேரும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் துள்ளும். இப்போது முதல் வரைவிலேயே எல்லாம் தன் இடத்தில் நிற்கிறது.

இதற்கு இரண்டு விலை உண்டு. ஒரு பெட்டி தன் அகலத்தைக் கேட்டுத் தன்னையே மாற்ற முடியாது, உள்ளே இருப்பவற்றை மட்டுமே மாற்றலாம். ஆகவே சுற்றி இன்னொரு உறை தேவைப்படும். மற்றது, அகலம் சொல்லாமல் உள்ளடக்கத்தை நம்பி நிற்கும் பெட்டிக்கு இந்தப் பண்பைக் கொடுத்தால் அது பூச்சியமாகச் சுருங்கிவிடும். பெட்டி காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

தமிழில் பக்கம் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ‘முத்தையன்கட்டுக்குளம்’ என்பதை எழுதிப் பாருங்கள். இடைவெளியே இல்லாத ஒரே சொல். பக்கத்தை நிரல்களாகப் பிரிக்கும் ‘கிரிட்’ அமைப்பில் ஒரு நிரலுக்கு ‘1எஃப்ஆர்’, அதாவது மீதி இடத்தில் ஒரு பங்கு, என்று கொடுத்தால், உடைக்க முடியாத மிக நீண்ட சொல்லைவிடக் குறுகமாட்டேன் என்று அந்த நிரல் அடம்பிடிக்கும். அடுத்த நிரல்கள் நெருக்கப்படும், போனில் பக்கம் வலப்பக்கம் வழியும். குறைந்த அகலம் பூச்சியம் என்று சொல்லும் ‘மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)’ என்று எழுதினால் அடம் போய்விடும். சொல் மட்டும் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ‘ஓவர்ஃப்ளோ-ரேப்: எனிவேர்’ அதை உடைக்கும், ஆனால் எந்த எழுத்திலும் உடைக்கும். ‘முத்தையன்கட்’ ஒரு வரியிலும் ‘டுக்குளம்’ அடுத்த வரியிலும் வந்தால் அந்த ஊர்க்காரருக்கே வாசிக்க மனம் வராது. ஊர்ப்பெயர்கள் எண்ணக்கூடியவைதானே, முத்தையன், கட்டுக், குளம் என்று பிரியும் இடங்களில் ‘சொஃப்ட் ஹைபன்’ குறியைக் கையால் இட்டு வைப்பதே மேல் என்பது என் துணிபு. தேவைப்பட்டால் மட்டும் அது வெளியே தெரியும்.

வரி நீளத்தை ‘சிஎச்’ அலகில் அளக்கும் பழக்கமும் தமிழுக்கு ஆகாது. அந்த அலகு பூச்சியம் என்ற இலக்கத்தின் அகலம். ‘ணை’, ‘னௌ’ போன்றவற்றுக்கு அது காணாது, ஆகவே 60 சிஎச் என்பது 60 தமிழ் எழுத்து ஆகாது.

அமைப்பு மாறவேண்டிய அகல எல்லையை பிக்சலில் எழுதாமல், எழுத்தளவை அடிப்படையாகக் கொண்ட ‘இஎம்’ அலகில் எழுதுங்கள். கொன்டெய்னர் குவெரியில் அது அந்தப் பெட்டியின் எழுத்தளவைப் பின்பற்றும். எல்லை 24 இஎம் என்றால், எழுத்து 16 பிக்சலாக இருக்கும்போது அது 384 பிக்சல். கண் மங்கிய ஒரு கமக்காரர் தன் போனின் பிரவுசரில் எழுத்தை 24 பிக்சலுக்குப் பெருப்பித்து வைத்திருந்தால் அதே எல்லை 576 ஆகிவிடும். எழுத்தளவை நாம் பிக்சலில் கட்டி வைக்காதிருந்தால், 400 பிக்சல் பெட்டிக்குள் படம் தானாக மேலே ஏறி நீர்மட்டம் முழு அகலத்தில் கீழே வரும்.

பழைய போன்களுக்கு கொன்டெய்னர் குவெரி விதி புரியாது, அவை அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் குறுகிய அமைப்பை விதிக்கு வெளியே முதலில் எழுதி, அகன்ற அமைப்பை மட்டும் கொன்டெய்னர் குவெரிக்குள் வையுங்கள்.