லேபிளில் கம்பளி, உள்ளே என்ன?

குளிர்காலக் கோட்டின் லேபிளில் ‘100% கம்பளி’ என்றிருந்தால், அது பெரும்பாலும் வெளித்துணியைப் பற்றிய பேச்சுதான். கோட்டுக்குள் இன்னும் பல அடுக்குகள் உண்டு: மார்புப் பகுதி விறைப்பாக நிற்க வைக்கும் கேன்வாஸ், சூட்டுக்கான நிரப்பு, லைனிங், தோள் பட்டை, பட்டன், நூல். வெளியே செம்மறியாட்டுக் கம்பளி, உள்ளே முழுக்க பாலியஸ்டர் என்று தைத்த கோட்டும் ‘இயற்கை’ என்ற பெயரில் விலை போகிறது. அதனால் வாங்கும்போதும் தைக்கக் கொடுக்கும்போதும் கோட்டை உள்ளிருந்து வெளியே பார்க்கப் பழகுவது நல்லது.

ஆனாலும் வெளித்துணியில்தான் சங்கதி அதிகம். கோட்டுக்கு ஏற்றவை மெல்டன், லோடன் போன்ற துணிகள். நெய்த கம்பளியை ஈரத்திலும் சூட்டிலும் அடித்துச் சுருக்குவார்கள். இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, நெசவே தெரியாத அளவுக்குத் துணி இறுகிவிடும். காற்று புகாது, வெட்டிய ஓரம் பிரியாது, தூறல் மேலேயே முத்து முத்தாக நிற்கும். இதற்கு ரசாயனப் பூச்சு எதுவும் வேண்டாம். மிதமான குளிருக்கு 350 முதல் 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) போதும். உறைபனிக்கு 500 முதல் 700 வரை வேண்டும். முழங்கால் வரையிலான கோட்டுக்கு 150 செ.மீ. அகலத்தில் ஏறக்குறைய 2.5 மீட்டர் பிடிக்கும். 600 ஜிஎஸ்எம் என்றால் எடுக்கும் துணியே 2.25 கிலோ. வெட்டுக்கழிவு போக மிஞ்சுவதைத் தோள் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்ப்பதில் இது தெரியாது.

சாதாரண ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் 16% அளவுக்கு ஈரத்தை உள்வாங்கும். பருத்திக்கு அது 8.5%, பாலியஸ்டருக்கு 0.4%. வியர்த்த உடலோடு வெளிக்குளிருக்குப் போகும்போது கம்பளி பிசுபிசுக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

80% கம்பளி, 20% நைலான் என்ற கலவையைக் கண்டதும் முகம் சுளிக்க வேண்டாம். கைமுனையும் பாக்கெட் வாயும் தேய்வதை நைலான் தள்ளிப்போடும். பத்து ஆண்டு உழைக்கும் கலவைக் கோட்டு, மூன்றே ஆண்டில் நைந்துபோகும் ‘சுத்தக் கம்பளி’யைவிட மேல். ஆனால் அக்ரிலிக் கலந்திருந்தால் விட்டுவிடுங்கள். விலை குறையும், உருண்டை உருண்டையாகப் பஞ்சு கட்டும், வேறு பயன் இல்லை.

மறுசுழற்சிக் கம்பளி புதுமை ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் பேட்லியில் பெஞ்சமின் லா 1813இலேயே பழந்துணியைக் கிழித்து மறுபடி நூற்றார். இத்தாலியின் பிராத்தோவில் இன்றும் பழந்துணியை நிறம் நிறமாகப் பிரித்து, மறுபடி சாயம் ஏற்றாமலே நூற்கிறார்கள். சிக்கல் இழை நீளத்தில்தான். கிழிக்கும்போது இழை அறுந்து குட்டையாகிவிடும். புதுக் கம்பளியோ நைலானோ சேர்க்காவிட்டால் நூல் நிற்காது.

புதுக் கம்பளி என்றால் ஆட்டைக் கேட்க வேண்டும். மெரினோ ஆடுகளின் பின்புறத்தில் ஈ முட்டையிடாமல் தடுக்க, அங்குள்ள தோலை அறுத்தெடுக்கும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் உண்டு. மியூல்சிங் என்பது அதன் பெயர். 2016இல் வந்த ஆர்டபிள்யூஎஸ் (பொறுப்பான கம்பளிக்கான தரச்சான்று) இதை அனுமதிப்பதில்லை. வெள்ளாட்டின் மென்மையான அடிமயிரான கேஷ்மீரில் சிக்கல் வேறு. மேல்மயிரை நீக்கினால் ஓர் ஆட்டிடம் ஆண்டுக்குத் தேறுவது 200 கிராம் அளவுதான். மந்தை பெருகப் பெருக மங்கோலியப் புல்வெளி தேய்கிறது. முழுக் கோட்டுக்குக் கேஷ்மீர் எதற்கு என்பது என் கேள்வி. கழுத்துத் துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது நிரப்பு. வாத்தின் மென்சிறகான தூவியின் எடைக்கு ஈடாகச் சூடு தரும் இயற்கைப் பொருள் வேறு இல்லை. ஆனால் நனைந்தால் கட்டிகட்டியாகிச் சூடு போய்விடும். உயிருள்ள பறவையிடம் பிடுங்கியதா என்பதற்கு ஆர்டிஎஸ் (பொறுப்பான தூவிக்கான) சான்றைப் பாருங்கள். துணியோடு துணியாக நேரே குத்தித் தைத்த கோட்டில் ஒவ்வொரு தையல் வரியிலும் குளிர் ஏறும். கடுங்குளிருக்கு நடுவே தடுப்புத் துணி வைத்துத் தைத்த அறைகள் வேண்டும்.

இலவம் பஞ்சு இப்போது கோட்டுக்குள் வருகிறது. இழையின் உள்ளே பெரும்பகுதி வெற்றுக் குழல். மேலே இயற்கை மெழுகு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. காற்றை அடைத்து வைத்துச் சூடு காப்பதும் அந்தக் குழல்தான். ஆனால் இழை வழுவழுப்பு, குட்டை, துள்ளல் குறைவு. தளர்வாக அடைத்தால் ஆறு மாதத் தலையணைபோல ஓரத்தில் போய்ச் சேரும். அதனால் தட்டையான பஞ்சு விரிப்பாக, அதாவது தகடாக்கி விற்கிறார்கள். தகடு பிடித்து நிற்கப் பெரும்பாலும் உருகும் பாலியஸ்டர் இழை சேர்ந்திருக்கும். எத்தனை விழுக்காடு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கம்பளித் தகடு வைத்துத் தைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இழைகள் மெல்ல மெல்ல லைனிங்கைத் துளைத்து வெளியே மயிராக முளைக்கும். தகட்டின் இரு பக்கமும் மெல்லிய நெருக்க நெசவுப் பருத்தி வைத்தால் அது அடங்கும்.

கேன்வாஸ் விஷயத்தில் கைச்சோதனை ஒன்று உண்டு. கீழ் காஜாவுக்கு அருகே முன்துணியையும் பின்துணியையும் விரலால் கிள்ளிப் பிரியுங்கள். இடையில் தனியாக மூன்றாவது ஓர் அடுக்கு நழுவினால் தைத்த கேன்வாஸ். குதிரை மயிரும் பருத்தியும் கலந்தது நல்லது. நழுவாமல் ஒரே தடிப்பாக இருந்தால் பசையால் சூடாக்கி ஒட்டியது. சில டிரை க்ளீனிங்குக்குப் பின் அது கொப்புளம் கொப்புளமாக எழும். எழுந்த பிறகு சரிசெய்ய வழி இல்லை என்றே கொள்ளுங்கள்.

லைனிங்குக்குப் பருத்தி வேண்டாம். கை நுழையும்போது சட்டையோடு ஒட்டிக்கொள்ளும், வழுக்காது. பருத்திக் கொட்டையின் குட்டை இழையிலிருந்து செய்யும் குப்ரோ வழுக்கும், மூச்சுவிடும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸும் சரி, ஆனால் நனைந்தால் வலு பாதியாகும், அதனால் ஈரத்தில் முறுக்கிப் பிழியக் கூடாது. முதுகு நடுவில் 2 முதல் 3 செ.மீ. மடிப்பு தளர்த்தி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் கை நீட்டும்போது அக்குளில் கிழியும். தையல் நூல் பாலியஸ்டராகவே இருக்கட்டும். கனத்த கோட்டின் தையலில் பருத்தி நூல் முதலில் அறும்.

மெழுகுப் பருத்திக் கோட்டையும் இயற்கை என்றே விற்கிறார்கள். பெரும்பாலான மெழுகில் பாரபின் இருக்கும், அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. தேன்மெழுகை மட்டும் பூசினால் குளிரில் இறுகி மடிப்பில் வெடிக்கும், எண்ணெய் கலக்க வேண்டும். வெந்நீரும் சோப்பும் பட்டால் மெழுகு போய்விடும்.

சந்தேகமிருந்தால் உங்கள் சொந்தக் கோட்டின் உள்தையல் ஓரத்தில் (கடையில் வேண்டாம்!) ஒரு நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்துத் தொட்டிக்கு மேல் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு மெல்லத் தீயும், சுடரை எடுத்தால் அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

பராமரிப்பில் மனிதர்கள் செய்யும் பெரும்பிழை அடிக்கடி டிரை க்ளீனிங்குக்குப் போடுவதும் அழுக்கோடு பெட்டியில் வைப்பதும். பிரஷ்ஷால் தூசு தட்டி, அகலத் தோள் ஹேங்கரில் காற்றாட விட்டால் பருவத்துக்கு ஒரு சுத்தம் போதும். கோட்டைத் தின்பது அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தில்தான் அது விருந்து உண்ணும். பாச்சை உருண்டையின் ஆவி மனிதருக்கும் கேடு. அதற்குப் பதிலாக, சுத்தம் செய்த கோட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த துணியில் ஈரம் படிந்துவிடும்.