டூயல் கோர் வேறு, டூயல் பிராசசர் வேறு சாமி!

இரண்டு பிராசசர் இருக்கிறதென்று நம்பி வாங்கி, மெதுவாக ஓடுகிறதென்று என்னிடம் வந்த கம்ப்யூட்டர்களில், இந்த மாதத்தில் இது மூன்றாவது பெட்டி. அல்சூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஆட்டோவில் ஏற்றி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு என்னிடம் கொண்டுவந்தார். யாரோ கழித்துக்கட்டிய சர்வர், உள்ளே இன்டெலின் சர்வர் பிராசசரான ஜியான் ஈ5-2670 இரண்டு. "ரெண்டு பிராசசர் தம்பி! ஆனா கல்யாண ஆல்பம் திறந்தா ஆமை மாதிரி நகருது."

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 'சாக்கெட்ஸ்: 1' என்று காட்டியது. சாக்கெட் என்றால் மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம். விற்ற புண்ணியவான் போட்டுக்கொடுத்தது விண்டோஸ் ஹோம். அது ஒரு பிராசசரோடு நின்றுவிடும், இரண்டுக்கு விண்டோஸ் ப்ரோ வேண்டும். எட்டு மாதமாக இன்னொன்று சும்மா உட்கார்ந்து கரண்டு தின்றிருக்கிறது. மூடியைக் கழற்றினால் அடுத்த கூத்து: ராம் முழுக்க முதல் பிராசசர் பக்கமே. மறுபக்க ஸ்லாட்டுகளில் தூசிதான்.

"டூயல் கோர், டூயல் பிராசசர் ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்காத ஆளில்லை. ஒன்றல்ல. டூயல் கோர் என்றால் பிராசசர் ஒன்றுதான், அதற்குள் இரண்டு கோர், அதாவது வேலை செய்யும் பகுதி இரண்டு. 2005-ல் பென்டியம் டி, ஆத்லான் 64 எக்ஸ்2 வந்தபோது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது பழக்கமானது. டூயல் பிராசசர் என்றால் மதர்போர்டில் இரண்டு சாக்கெட், இரண்டு ஃபேன், தனித்தனி ராம் வரிசை. அண்ணன் பெட்டியில் ஒவ்வொரு பிராசசரிலும் 8 கோர், மொத்தம் 16. ஒவ்வொரு கோரையும் இரண்டாக எண்ணிக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் 'லாஜிக்கல்' எண்ணிக்கையைக் காட்டி 32 பிராசசர் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல!

சரி, ப்ரோ போட்டுவிட்டால் ஆல்பம் பறக்குமா? பறக்காது. இட்லிக்கு இரண்டு அடுப்பு வைத்தால் சீக்கிரம் ஆகும், ஒரே குக்கர் பொங்கலுக்கு இரண்டாவது அடுப்பு எதற்கு? படம் திருத்துவதில் பாதி வேலை ஒன்றிரண்டு கோரை நம்பித்தான் ஓடுகிறது. 2012-ல் வந்த அந்த ஜியான் முக்கினாலும் வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். இன்டெலின் சாதாரண ஐ3-12100 பிராசசரில் கோர் நாலுதான், ஆனால் 4.3 வரை போகும். ஜியான் தலா 115 வாட், இது 60. விண்டோஸ் 11-க்கு ஏற்ற பிராசசர்கள் என்று மைக்ரோசாப்ட் தரும் பட்டியலிலும் அந்த ஜியான் கிடையாது.

நாள் முழுக்க 3டி ரெண்டரிங், ஒரே பெட்டிக்குள் பத்து தனி கம்ப்யூட்டர் போல ஓடும் வர்ச்சுவல் மெஷின், 256 ஜிபி ராம் என்று பிழைப்பு இருந்தால் இரண்டு சாக்கெட் வாங்குங்கள், நானே அசெம்பிள் செய்து தருகிறேன். பில் போடவும் பிள்ளை படிக்கவும் வேண்டாம். அதற்காக டூயல் கோர் செலரான் லேப்டாப்பிலும் போய் விழாதீர்கள், நாலு கோருக்குக் கீழே இறங்காதீர்கள்.

தயவுசெய்து, காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஆன் பண்ணி டாஸ்க் மேனேஜரில் அந்த 'சாக்கெட்ஸ்' வரியைப் பாருங்கள். பில்லில் பிராசசர் மாடல் எண்ணை முழுதாக எழுதச் சொல்லுங்கள். அண்ணனின் பில்லில் இருந்தது 'கம்ப்யூட்டர் - 1' மட்டும். அதைத் தூக்கிக்கொண்டு கடைக்காரரிடம் போய் என்னவென்று சண்டை போடுவது?