ஜீப்பைக் கண்டா யானை ஏன் ஓடுறதில்ல?

திருமலைக் கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்குப் போன எல்லாருக்கும் அந்த மானுகளைத் தெரியும். ரோட்டோரம் மர நிழல்ல படுத்துக் கிடக்கும், ஆட்டோ ஒண்டு ரெண்டு அடி தள்ளிப் போனாலும் ஒரு காதை மட்டும் திருப்பிப் பாத்திட்டு திரும்ப அசை போடத் தொடங்கிடும். அதே புள்ளிமானைக் காட்டுக்குள்ள நடந்து போய்ப் பாக்க வெளிக்கிட்டா, நாங்க அதைக் காண முதல் அது எங்களைக் கண்டு பாய்ஞ்சு மறைஞ்சிடும். ஒரே இனம், ஒரே மூளை, ஆனா ஒண்டு ஓடுது, மற்றது படுத்திருக்கு. இது ஏன் எண்டு விளங்கினா, சஃபாரி எண்ட விசயமே எப்பிடி நடக்குது எண்டு விளங்கிடும்.

ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு தூரம் இருக்கு. ஆபத்து எண்டு அது நினைக்கிற ஒண்டு அந்தத் தூரத்துக்குள்ள வந்தா ஓடும், அதுக்கு அங்கால நிண்டா கண்டும் காணாத மாதிரி இருக்கும். சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர்தான் இதைத் தப்பியோடும் தூரம் எண்டு பேர் வச்சு விளக்கினவர். அவர் இன்னொண்டும் சொன்னவர்: ஓட வழி இல்லாமல் மாட்டுப்பட்ட மிருகத்துக்கு இன்னும் கிட்டப் போனா, அது ஓடாது, திரும்பிப் பாயும். இந்த ரெண்டு தூரமும் கல்லில எழுதினதில்ல, அனுபவத்தால கூடும் குறையும், கோட்டை மானுகளுக்கு அது ஒரு சில அடியாக் குறைஞ்சு போச்சு.

ஆகஸ்ட் லீவு வந்தா திருமலையில இருந்து குடும்பம் குடும்பமா வேன் பிடிச்சு கந்தளாய் தாண்டி ஹபரண பக்கம் போறது வழக்கம்தானே, மின்னேரியாவோ கவுடுல்லவோ, எது அண்டைக்கு நல்லா இருக்கு எண்டு ஜீப்காரரைக் கேட்டிட்டு உள்ள போறது. மின்னேரியாக் குளம் மகாசேன மன்னன் காலத்தில, அதாவது 3ஆம் நூற்றாண்டில கட்டினது, சுத்தியுள்ள காட்டை 1997ல தேசியப் பூங்காவா அறிவிச்சவை, கவுடுல்ல 2002ல வந்தது. வெயில் காலத்தில குளத்துத் தண்ணி வத்த வத்த விளிம்பில இளம் புல்லு முளைக்கும். பெரிய யானை ஒண்டுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 150 கிலோ சாப்பாடு வேணும், மற்ற இடமெல்லாம் காய்ஞ்சு கிடக்கேக்க புல்லும் தண்ணியும் ஒண்டா இருக்கிற இடத்துக்குத்தானே வரும், அதாலதான் ஜூலையில இருந்து ஒக்டோபர் வரைக்கும் நூற்றுக்கணக்கில வந்து கூடுதுகள். காட்டில வாழுற ஆசிய யானையள் இவ்வளவு பெருந்தொகையா ஒரே இடத்தில சேருறதை உலகத்தில வேற எங்கயும் காண ஏலாது, அது எங்கட வீட்டில இருந்து ரெண்டு மணித்தியால ஓட்டத்தில இருக்கு எண்டு நினைச்சாலே எனக்குப் பெருமையா இருக்கும்.

ஒரு தாய் யானை எங்கட ஜீப்புக்கு மிச்சம் கிட்ட மேய்ஞ்சு கொண்டிருந்தது. முன்னங்கால் நகத்தால புல்லை உதைச்சு வேரோட கிளப்பும், தும்பிக்கையால கூட்டிச் சுருட்டி எடுக்கும், பிறகு அந்தப் பிடியைத் தன்ர முழங்கால்ல பட்டுப் பட்டெண்டு அடிச்சு மண்ணை உதறிட்டுத்தான் வாய்க்குள்ள வைக்கும். குட்டி வயித்துக்குக் கீழ நிண்டு அதே மாதிரிச் செய்து பாக்குது, தும்பிக்கை சொல்லுக் கேக்குதில்ல, புல்லு விழுந்து விழுந்து போகுது. அக்காட மகன் என்ர காதுக்குள்ள, “சின்னம்மா, அதுக்கு நாங்க இருக்கிறது தெரியாதா?” எண்டு கேட்டான்.

தெரியும். எங்களை விட நல்லாத் தெரியும். ஆபிரிக்க யானையில மணத்தை உணர்ற மரபணு கிட்டத்தட்ட 2000 இருக்கு எண்டு 2014ல கண்டுபிடிச்சவை, நாயை விட ரெண்டு மடங்குக்கு மேல, மனிசரை விட அஞ்சு மடங்கு. டீசல், வியர்வை, அம்மம்மா மடியில வச்சிருந்த வடைப் பார்சல், எல்லாம் அதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தெரிஞ்சும் பேசாம மேயுறதுக்குக் காரணம் பழகிப் போறதுதான்.

ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில புதுசா வீடு எடுத்தவை முதல் கிழமை ஒவ்வொரு ரயிலுக்கும் திடுக்கிட்டு எழும்புவினம், பிறகு ரயில் போனதே தெரியாமல் நித்திரை கொள்ளுவினம். காது பழுதாகேல்ல, மூளை அந்தச் சத்தத்துக்குச் செலவழிக்கிறதைக் குறைச்சிட்டு. இது நரம்புக்குள்ள எப்பிடி நடக்குது எண்டு எரிக் காண்டெல் எண்ட விஞ்ஞானி அப்ளீசியா எண்ட கடல் நத்தையில பாத்தவர், 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில அவருக்கும் பங்கு கிடைச்சது. அந்த நத்தையிட தண்ணி வெளியேறுற குழாயைத் தொட்டா செவுளை உள்ள இழுக்கும். திரும்பத் திரும்ப மெதுவாத் தொட்டுக்கொண்டே இருந்தா இழுக்கிறது குறைஞ்சு கொண்டு வரும், ஏன் எண்டா உணர்வு நரம்பு அடுத்த நரம்புக்கு விடுற ரசாயனம் ஒவ்வொரு தரமும் குறையுது. ஆனா வாலில ஒரு ஷொக் குடுத்தா எல்லாம் மாறிடும், செரட்டோனின் எண்ட இன்னொரு ரசாயனம் சுரந்து அதே நரம்பு முந்தி விட்டதை விடக் கூட விடும், பிறகு லேசாத் தொட்டாலே வெடுக்கெண்டு இழுக்கும். நத்தையும் யானையும் ஒண்டில்லத்தான், எண்டாலும் பழகுறதும் வெருளுறதும் எண்ட இந்த ரெண்டும் மிருக உலகம் முழுக்க இருக்கு.

அப்ப யானை பழகினது ஆருக்கு? எங்களுக்கு இல்ல, ஜீப்புக்கு. அந்த உருவம், அந்தச் சத்தம், அந்த மணம், அதுக்குள்ள அசையுற தலையள், எல்லாம் சேர்ந்து யானைக்கு ஒரே பொருள், பல வருசமா வந்து நிண்டு ஒண்டும் செய்யாமல் போன பொருள். யானை மனிசரையே வகை பிரிச்சு வச்சிருக்கு, கென்யாவில அம்போசெலியில செய்த ஆய்வில, ஈட்டியால குத்துற மசாய் ஆக்கள் உடுத்த துணியிட மணத்துக்கு யானையள் வெருண்டு ஓடின, விவசாயம் செய்யிற கம்பா ஆக்களிட துணிக்கு அவ்வளவு பயப்படேல்ல. இப்ப ஜீப்பில இருந்து ஒருத்தர் ஃபோட்டோ எடுக்க எண்டு காலைக் கீழ வச்சா, பழகின பொருள் உடைஞ்சு ரெண்டு காலில நிக்கிற மனிசன் தனியா வெளியில வாறான், அந்த மனிசனுக்கு யானை பழகேல்ல. இறங்க வேண்டாம் எண்டு டிரைவர் திருப்பித் திருப்பிச் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

1966ல இங்கிலாந்தில லோங்லீட்டில சிங்கங்களுக்கு நடுவால ஜனங்கள் தங்கட காரை ஓட்டிக்கொண்டு போகத் தொடங்கினதும் இந்த அடிப்படையிலதான், எங்கட நாட்டில ஹம்பாந்தோட்டைப் பக்கம் ரிதியகமவில 2016ல திறந்த பூங்காவிலயும் பஸ்ஸுக்குள்ள இருந்துதான் சிங்கம் பாக்கிறது. வாகனம் நோகடிக்கவும் கூடாது, சாப்பாடு தரவும் கூடாது, அப்பதான் அது மிருகத்துக்கு ஒண்டுமில்லாத பொருளா இருக்கும்.

ரெண்டையும் நாங்க உடைக்கிறம். ஒரு யானைக் கூட்டத்தைச் சுத்தி ஜீப்புகள் நெருக்கி நிண்டு, என்ஜினை உறுமவிட்டு, குட்டிக்கும் தாய்க்கும் நடுவால வெட்டி ஓடினா அது வாலில குடுத்த ஷொக் மாதிரித்தான் வேலை செய்யும். உடவளவையில செய்த ஆய்வில சுற்றுலா வாகனங்கள் வந்தா யானையள் மேய்ச்சலைக் குறைச்சு, விழிப்பும் பதட்டமுமா மாறுறது தெரிய வந்தது. காதை விரிச்சு நேர பாத்துக்கொண்டு நிண்டாலோ, வாலைத் தூக்கினாலோ, மண்ணை அள்ளி எறிஞ்சாலோ அது பின்னால போ எண்டு சொல்லுது. கன்னத்தில கறுப்பா ஈரம் வடியுற ஆண் யானை எண்டா மதம் பிடிச்சிருக்கு, அந்த நேரம் டெஸ்டஸ்டரோன் எண்ட ஆண் ஹோர்மோன் பல மடங்கு ஏறியிருக்கும், பழகின யானை எண்ட நம்பிக்கையில கிட்டப் போகவே கூடாது.

சாப்பாடு குடுக்கிறதுதான் எனக்கு மனசுக்கு மிச்சம் நோவான விசயம். ஹபரண ரோட்டில யானையைக் கண்டா வேனை நிப்பாட்டி வாழைப்பழம் எறியுற ஆக்கள் இருக்கினம், பாசத்திலதான் செய்யினம். ஆனா அந்த ஒரு பழத்தோட வாகனம் எண்டது சாப்பாட்டுப் பெட்டியா மாறிடும். யாலவில கெமுனு எண்ட கொம்பன் ஜீப்புக்குள்ள தும்பிக்கையை விட்டுத் தேடுறதும், புத்தள கதிர்காம ரோட்டில யானையள் வாகனத்தை மறிக்கிறதும் இப்பிடிப் பழகினதுதான். எல்லா வாகனமும் குடுக்கிறதில்லயே எண்டு சொல்லலாம், அதுதான் இன்னும் மோசம். எப்பயாவது ஒருக்கா பரிசு கிடைச்சா அந்தப் பழக்கம் லேசில விடாது எண்டு ஸ்கின்னர் எண்ட உளவியலாளர் எலி, புறாக்களை வச்சுக் காட்டினவர். ஒவ்வொரு தரமும் கிடைச்சு வந்தது திடீரெண்டு நிண்டா மிருகம் கெதியா விட்டிடும், பத்தில ஒருக்கா கிடைச்சதெண்டா அடுத்ததில கிடைக்கும் எண்டு காத்துக்கொண்டே நிக்கும். யானை அறுபது வருசம் மட்டில வாழுற மிருகம், மறக்காத மிருகம். அம்போசெலியில தோட்டத்துக்குள்ள இறங்குற பெரிய ஆண் யானையளோட கூடித் திரியுற இளம் ஆண்கள் தாங்களும் தோட்டத்துக்குள்ள இறங்கப் பழகினதையும் கண்டிருக்கினம், அதால ரோட்டில ஒரு யானைக்கு எறிஞ்ச பழம் அதோட நிக்கப்போறதில்ல. வாகனத்தை மறிக்கப் பழகின யானைக்கு வெடி விழும், இல்லாட்டி பிடிச்சு வேற காட்டில கொண்டு போய் விடுவினம், சில நேரம் பாவம் மோட்டச்சைக்கிளில போற மனிசன் சாகிறான். அம்மம்மாவிட வடைப் பார்சலை நாங்க ஹபரணச் சந்தியில இறங்கிச் சாப்பிட்டு முடிச்சிட்டு உள்ள போயிருக்க வேணும் எண்டு ஜீப்காரர் சொன்னவர், அடுத்த முறை போற ஆக்களும் அப்பிடியே செய்யுங்கோ, பழக்கூடையை வேனுக்குள்ளயே பூட்டி வச்சிட்டுப் போங்கோ.