பிரின்சிபால் பெயரில் வந்த மெயில்

"சார், பிரின்சிபால் மெயில் போட்டிருக்கார். மீட்டிங்ல இருக்காராம், போன் எடுக்க முடியாதாம். கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்பச் சொல்றார். அதை எங்க வாங்கறது?"

துறைத்தலைவர் ஒருவர் கல்லூரி கம்ப்யூட்டர் லேபுக்கு வந்து என்னிடம் இப்படிக் கேட்டார். முனைவர் பட்டம், இருபது வருட அனுபவம். கிஃப்ட் கார்டின் நம்பர் கையில் கிடைத்தால் பணமே கிடைத்த மாதிரி. அதை வாங்கத் தெரியாததுதான் அன்று அவரைக் காப்பாற்றியது.

போனை வாங்கிப் பார்த்தேன். அனுப்பியவர் இடத்தில் பிரின்சிபாலின் முழுப்பெயர், இனிஷியலோடு. பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டதும் முகவரி விரிந்தது. ஏதோ நாலு எழுத்து, ஆறு எண்கள், இலவச மெயில் கணக்கு. மெயிலில் தெரியும் பெயர் நாமே எழுதி ஒட்டிக்கொள்ளும் லேபிள் மாதிரி. யாரும் யார் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். போன் திரையில் இடம் குறைவு என்பதால் பெயர் மட்டும் தெரியும், முகவரி ஒளிந்திருக்கும். ஏமாற்றுகிறவனுக்கு அது போதும். நம் பெயர், பதவி, மெயில், போட்டோ எல்லாவற்றையும் கல்லூரி இணையதளத்தில் துறைவாரியாக நாமே அடுக்கி வைத்திருக்கிறோமே, அவன் தேடி அலையவும் வேண்டாம்.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே சார்?" என்றேன். "மீட்டிங்ல இருக்கறவரை எப்படித் தொந்தரவு பண்றது?" என்றார். நம் கல்லூரிகளில் மேலிடத்திலிருந்து ஒன்று கேட்டால் மறுபேச்சு கிடையாது. எதிராளி உடைப்பது கம்ப்யூட்டரை அல்ல, அந்த மரியாதையைத்தான். பணம், பாஸ்வேர்டு, ஓடிபி, மாணவர் பட்டியல் என்று எதைக் கேட்டு மெயில் வந்தாலும் போன் போடுங்கள், இல்லையென்றால் நேரில் போய்க் கேளுங்கள். அதற்காக எந்த பிரின்சிபாலும் மெமோ கொடுக்க மாட்டார்.

மெயில் கணக்கு ஒருமுறை பறிபோய்த் திரும்பக் கிடைத்தால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். இன்னொரு பேராசிரியருக்கும் அப்படித்தான் செய்தோம். பத்து நாள் கழித்து, பேங்கிலிருந்து ஒரு மெயிலும் வருவதில்லை என்றார். ஜிமெயில் செட்டிங்ஸுக்குள் ஃபில்டர் பகுதியைத் திறந்தால், அவர் போடாத ஒரு விதி உட்கார்ந்திருந்தது: 'பேங்க்' என்ற சொல் இருக்கும் மெயில்களை வெளி முகவரி ஒன்றுக்கு அனுப்பு, இங்கே அழித்துவிடு. பூட்டை மாற்றினோம், திருடன் சுவரில் போட்ட ஓட்டையைப் பார்க்கவில்லை. ஃபில்டர், ஃபார்வர்டிங், மீட்புக்காகக் கொடுத்த போன் எண், மாற்று மெயில் நாலையும் பார்த்தால்தான் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து இன்பாக்ஸின் அடியில் வலது மூலைக்குப் போனால், கடைசியாகக் கணக்கு எப்போது பயன்பட்டது என்று பொடி எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே விவரம் காட்டும் இணைப்பு. எந்த எந்த இடத்திலிருந்து திறந்திருக்கிறது என்பது அங்கே தெரியும். மாதம் ஒருமுறை பாருங்கள்.

மாணவர்கள் கணக்கைத் தொலைப்பது பெரும்பாலும் லேபிலும் ஜெராக்ஸ் கடையிலும்தான். பெல் அடித்ததும் மெயில், வாட்ஸ்அப் வெப் எல்லாம் திறந்தபடியே எழுந்து போகிறார்கள். பிரவுசரை மூடினால் லாக்-அவுட் ஆகிவிடும் என்று நினைப்பு. ஆகாது. கடைக்காரர் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருநாள் எட்டிப் பாருங்கள். ஊரில் பாதிப் பேரின் ஆதார் அங்கே கிடக்கும். முழு எண் தேவைப்படாத இடத்துக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை எடுத்துக்கொள்ளலாம், ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கிறது.

பாஸ்வேர்டு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். பிறந்த தேதியையோ ரிஜிஸ்டர் நம்பரையோ வைக்காதீர்கள். ரிஜிஸ்டர் நம்பர் வரிசையாக வருவது. பிறந்தநாளுக்கோ வகுப்பே கேக் வெட்டி ஸ்டேட்டஸ் போடுகிறது. பாஸ்வேர்டோடு இன்னொரு அடையாளத்தையும் (போனுக்கு வரும் ஓடிபி மாதிரி) கேட்கும் இரண்டு-படி சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.

பென்டிரைவ் கதை பழசு, ஆனால் இன்னும் முடியவில்லை. ஒரு மாணவி ப்ராஜெக்ட் ரிவ்யூ அன்று காலை கண்ணீரோடு வந்தாள். பென்டிரைவில் ஃபோல்டர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டி அம்புக்குறி. ஷார்ட்கட் வைரஸ். நிஜ ஃபோல்டர்களை மறைத்து வைத்துவிட்டு அதே பெயரில் போலிகளை வைக்கும். போலியைத் தட்டினால் முதலில் வைரஸ் ஓடும், அப்புறம் நிஜ ஃபோல்டரும் திறக்கும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. கமாண்ட் பிராம்ப்டில், மறைத்ததை வெளிக்காட்டும் 'அட்ரிப்' கட்டளையைக் கொடுத்ததும் எல்லாம் வெளியே வந்தன. "ஃபார்மட் பண்ணிடு" என்று தோழி சொன்னாளாம். நல்லவேளை, கேட்கவில்லை.

ஃபைல் பெயரிலும் இதே கண்கட்டு உண்டு. விண்டோஸ் தனக்குத் தெரிந்த ஃபைல் வகைகளின் வால் எழுத்துகளைக் காட்டாது. 'போனஃபைட்.பிடிஎஃப்' என்று தெரிவதன் முழுப்பெயர் 'போனஃபைட்.பிடிஎஃப்.ஈஎக்ஸ்இ' ஆக இருக்கலாம், அதாவது சான்றிதழ் அல்ல, தட்டினால் ஓடும் நிரல். 2000 மே மாதம் உலகையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ் காதல் கடிதம் மாதிரி மெயிலில் வந்ததும் இப்படித்தான், டெக்ஸ்ட் ஃபைல் வேஷத்தில். (அதை எழுதியவர் பிலிப்பைன்ஸ் மாணவர். பாஸ்வேர்டு திருடும் நிரலை அதற்கு முன்பு ப்ராஜெக்ட்டாகக் கொடுக்கப் பார்த்து, கல்லூரி நிராகரித்திருந்தது. ப்ராஜெக்ட் கைடுகள் கவனிக்க.) ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் வால் எழுத்துகளைக் காட்டும்படி டிக் செய்துவிடலாம். போனிலும் அதே தந்திரம்தான்: கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, ஆப். தொட வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டில் இன்னும் அதுவே ஓடினால் என்னிடம் வந்து பேசுங்கள், இங்கே எழுதினால் நீளும்.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், பிறகு பேங்குக்கு, பிறகுதான் நண்பர்களுக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. வந்த மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போன வருடம் இரண்டாம் ஆண்டு பையன் ஒருவன், ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது என்று எவனோ சொன்னதை நம்பி, க்யூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின்னை அழுத்திவிட்டான். பணம் வாங்கப் பின் தேவையில்லை என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். செமினாரில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன். பதற்றத்தில் விரல் போய்விட்டது. என்னிடம் வந்தது நாலாம் நாள். "ஏண்டா அன்னைக்கே வரலை?" என்றேன். "நீங்க சிரிப்பீங்கன்னு நினைச்சேன் சார்" என்றான்.