குறியீடு தேடுவதை விடுங்கள், கையில் இருக்கும் கிளாஸைப் பாருங்கள்

போன வாரம் வந்த கட்டுரைகளோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. திரைப்பட ரசனை வகுப்பு எடுக்கிறேன், அதற்கு முன்னால் பல வருடம் எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்தவன். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் நிக்கோலஸ் ரோக் 1976இல் எடுத்த 'தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்' படத்தைப் போட்டுக் காட்டி, அந்நியமாதலும் சீரழிவும் அதில் எப்படி வருகின்றன என்று எழுதச் சொல்வது வழக்கம். இந்த முறை வந்த பன்னிரண்டு கட்டுரைகளில் ஒன்பது ஒரே விளக்க வீடியோவிலிருந்து இறங்கியவை, அந்த வீடியோவில் இருந்த தப்பு உட்பட. நியூட்டன் என்றால் இயேசு, ஏரி என்றால் ஞானஸ்நானம், டிவி என்றால் முதலாளித்துவம், முடிந்தது கதை. திரையிடலுக்கு வராத ஒருவர், படத்தை மொபைலில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் பார்க்கவே இல்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில்லாமல் செத்துக்கொண்டிருக்கும் ஒரு கிரகத்திலிருந்து ஒருவன் வருகிறான். தாமஸ் ஜெரோம் நியூட்டன் என்று பெயர் வைத்துக்கொள்கிறான், நடித்தவர் டேவிட் போவி. தன் உலகத்து அறிவை வைத்து ஒன்பது காப்புரிமைகளைப் பதிவு செய்து பெரும் பணக்காரனாகிறான். அந்தப் பணத்தில் விண்கலம் கட்டித் திரும்பிப் போக வேண்டும், மனைவியும் இரண்டு குழந்தைகளும் அங்கே காத்திருக்கிறார்கள். அவன் போகவே இல்லை.

இப்போது என்னை அதிகம் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அறிவியல் புனைவுப் படம், அதிலும் மெதுவாக நகரும் படம் என்றால், அது ஒரு பூட்டு, எங்கோ ஒரு சாவி இருக்கிறது, கெட்டிக்காரர் யாராவது எடுத்துக் கொடுப்பார் என்று நம்புகிறீர்கள். கிடையாது. சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' வந்தது 1979இல். செர்னோபில் அணு உலை விபத்து 1986இல் நடந்தது. அதற்குப் பிறகு அந்தப் படத்தில் வரும் 'மண்டலம்' என்ற தடை செய்யப்பட்ட பகுதி செர்னோபில்லை முன்கூட்டியே சொன்னது என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். மண்டலம் எதையும் குறிக்கவில்லை, அது மண்டலம்தான் என்று தார்க்கோவ்ஸ்கியே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எடுத்தவரே சொன்ன பிறகும் நமக்குச் சாவி வேண்டியிருக்கிறது. சரி, ஏரி ஞானஸ்நானம் என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தெரிந்துகொண்டதும் என்ன செய்கிறீர்கள்? அடுத்த பொருளுக்குத் தாவுகிறீர்கள். ஏரியைப் பார்க்கவே இல்லை. வறண்ட கிரகத்திலிருந்து வந்த ஒருவன் அவ்வளவு தண்ணீரில் வந்து விழுகிறான், அவன் உடம்புக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. ஒரு பொருளுக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு ஒரு சொல்லை எழுதுகிறபோது உங்கள் கண் அங்கேயே மூடிக்கொள்கிறது. வகுப்பில் நான் பார்ப்பது திரும்பத் திரும்ப இதுதான்.

அடுத்தது இன்னொரு குழப்பம். ஒரு மாணவர், படத்தில் வரும் கெடுதலை 'ஊழல்' என்று எழுதிவிட்டு, காப்புரிமை விவகாரத்தில் யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தார்கள் என்று மூன்று பக்கம் தேடியிருந்தார். அவர்மேல் தப்பில்லை, நாளிதழ் அந்தச் சொல்லைக் கோப்பும் கமிஷனுமாகச் சுருக்கி வைத்திருக்கிறது. ஆனால் ஊழ்த்தல் என்ற பழைய வினைக்கு மலர்தல், முதிர்தல், அளிந்து போதல் எல்லாம் பொருள். 'இணரூழ்த்தும் நாறா மலர்' என்று குறளில் வருவது மலர்தல். ஊழல் என்ற சொல்லுக்கே முதலில் அழுகிப்போதல் என்ற பொருள்தான். மரத்தில் பழுத்த பழம் யாரும் தொடாமலே அளிந்து போகிறதே, அந்த அர்த்தத்தில் இது முழுக்க முழுக்க ஊழலைப் பற்றிய படம்.

எப்படி அளிகிறது என்று பாருங்கள். மேரி-லூ ஓட்டலில் வேலை செய்யும் பெண். லிஃப்டில் மூக்கில் ரத்தம் வந்து சரிந்துவிடும் நியூட்டனைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைப்பவள் அவள்தான். அவனை உண்மையாக நேசிக்கிறாள். அவள்தான் ஜின்னையும் பழக்குகிறாள். முதலில் அவன் தண்ணீர் போதும் என்கிறான், அவள் குடிக்கிறாள், பேசுகிறாள், பக்கத்தில் உட்காருகிறாள், கொஞ்ச நாளில் அவன் கையிலும் அதே கிளாஸ். அவனை யாரும் வற்புறுத்தவில்லை. நம் பேச்சில் தண்ணி என்ற ஒரு சொல்லே இரண்டுக்கும் ஆகிறது. அவன் முதல் தண்ணிக்காக வந்து இரண்டாவதில் தங்கிவிட்டான். டிவிப் பெட்டிகளும் அப்படித்தான், ஒன்று இரண்டாகி, கடைசியில் சுவர் முழுக்க, எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வில்லன்கள் இல்லாமல் இல்லை, நியூட்டனைக் கடத்துகிறார்கள், அவனுடைய வக்கீலைக் கொலை செய்கிறார்கள். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே பாதி வேலை அன்பாலும் வசதியாலும் முடிந்திருக்கிறது. மூல நாவலை 1963இல் எழுதிய வால்டர் டெவிஸ் குடியோடு போராடியவர், இந்தக் கதையை வேஷம் போட்ட தன் சுயசரிதை என்றே சொல்லியிருக்கிறார்.

அந்நியமாதல் பற்றி ஒன்பது பேரும் எழுதியது, வேற்றுக்கிரகவாசி ஆகையால் தனிமை என்று. நான் பார்த்தது நேர் எதிர். வந்து இறங்கியபோது அவனுக்கு வீடு இருந்தது, வேலை இருந்தது, யாருக்காக வந்தோம் என்று தெரிந்திருந்தது. அவன் தனியாக இருந்தான், அந்நியமாக இல்லை. நம்மில் ஒருவனாக ஆக ஆகத்தான் அந்நியமாகிறான். பிடித்து வைத்துப் பரிசோதிக்கும் டாக்டர்கள் எக்ஸ்ரே எடுக்கிறபோது, மனிதக் கண் போலத் தெரிவதற்காக அவன் மாட்டியிருந்த லென்ஸ்கள் கண்ணோடு ஒட்டிக்கொள்கின்றன. இனிமேல் கழற்ற முடியாது. வேண்டாம் என்று அவன் கெஞ்சுகிறான், வேலையைச் செய்கிறவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் காட்சிக்கு ஒரு குறியீட்டுப் பெயர் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போக எப்படி மனசு வருகிறது? ஒருவனுடைய சொந்தக் கண் உள்ளே இருக்கிறது, அவனே அதை வெளியே எடுக்க முடியவில்லை.

எடிட்டர் என்ற முறையில் ஒன்று. ரோக் 'சில வருடங்களுக்குப் பிறகு' என்று அட்டை போடுவதில்லை. ஒரே வெட்டில், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், வருடங்கள் போய்விடும். மேரி-லூவுக்கு வயதாகியிருக்கும், நியூட்டனிடம் வேலைக்குச் சேர்ந்த பேராசிரியர் பிரைஸுக்குத் தலை நரைத்திருக்கும், நியூட்டன் அப்படியே இருப்பான். காலம் ஓடுவதை அடுத்தவர் முகத்தில் மட்டும் காட்டுவது, எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், எவ்வளவு துணிச்சல் என்று. ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தால் அது உங்களுக்குக் குழப்பமாகத்தான் தெரியும், அப்புறம் 'படம் புரியல' என்பீர்கள்.

இந்தப் பேட்ச்சில் ஒரு பெண், சார் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, எழுத ஒன்றுமில்லை என்று நோட்டை நீட்டினார். உள்ளே ஒரு பக்கம் முழுக்க, எந்த நிமிடத்தில் நியூட்டன் என்ன குடிக்கிறான் என்று குறித்து வைத்திருந்தார். ஆற்றோரம் கோப்பையில் தண்ணீர் மொண்டு குடிப்பதில் ஆரம்பித்து, கடைசியில் திறந்தவெளி மேசையில் குடித்துவிட்டுத் தொப்பி முகத்தை மறைக்கத் தலை கவிழ்வது வரை. இடையில் ஓரிடத்தில், 'இதற்குப் பிறகு தண்ணீர் கேட்கவே இல்லை' என்று எழுதியிருந்தார். பன்னிரண்டு பேரில் படத்தைப் பார்த்தவர் அவர்தான். தயவுசெய்து, புரியவில்லை என்று வெட்கப்படாதீர்கள். அந்த வெட்கத்தில்தான் நீங்கள் வீடியோவைத் தேடி ஓடுகிறீர்கள்.

ஆகவே, பார்ப்பதற்கு முன் எதையும் படிக்காதீர்கள், விக்கிப்பீடியா உட்பட. மொபைலை வேறு அறையில் வையுங்கள். எந்தப் பிரதி என்று பாருங்கள்: அமெரிக்காவில் முதலில் வெளியிட்டவர்கள் சுமார் 20 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள், முழுப் படம் 139 நிமிடம், உங்கள் கையில் இருப்பது இரண்டு மணி நேரத்தில் முடிந்தால் அதை மூடிவிட்டு வேறு தேடுங்கள். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, தண்ணீரோ மோதிரமோ டிவியோ, கடைசி வரை அதையே பின்தொடருங்கள். கட்டுரையில் 'குறியீடு' என்ற சொல் வந்தால் அடித்துவிட்டு, அங்கே யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு அந்த வீடியோவைத் தாராளமாகப் பாருங்கள். நீங்கள் பார்த்ததில் எதையெல்லாம் அவர்கள் விட்டுவிட்டார்கள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள், மார்க் போடுவதைவிட அதைப் படிக்கத்தான் எனக்கு ஆசை.