லேப் டெக்னீஷியன் படிக்கணும்னு நெனைக்கிறீங்களா, சேர்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் சொந்தக்காரங்க, தெருக்காரங்கன்னு வரிசையா போன் பண்ணுவாங்க. "அண்ணே, பொண்ணுக்கு நீட் மார்க் பத்தல, டிஎம்எல்டி, அதான் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, சேத்து விடலாமா, இப்ப எல்லாத்தையும் மிஷினே பாத்துக்குதாமே"ன்னு. சேத்து விடுங்கன்னுதான் சொல்லுவேன், ஆனா அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் மனசுல இருந்து எடுத்துருங்க.

ஒரு டெங்கு சீசன், நைட் ட்யூட்டி. பதினோரு வயசுப் பையன், ரத்த அணுக்கள எண்ற செல் கவுன்ட்டர் மிஷின்ல பிளேட்லெட் 18,000னு ரொம்பக் கம்மியா வருது. வார்டுல பிளேட்லெட் ஏத்தணும்னு பேச்சு ஆரம்பிச்சிருச்சு, அம்மா அழுதுட்டு நிக்கிறாங்க. பையனப் போய்ப் பாத்தா உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு இருக்கான், தோல்ல ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்ல. எனக்கு ஒப்பல, ரத்தத்த ஸ்லைடுல மெல்லிசாத் தேச்சு (ஸ்மியர்), சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல வெச்சா ஸ்லைடோட வால் பக்கம் பிளேட்லெட் கொத்து கொத்தா ஒட்டிக்கிட்டு கெடக்கு. சில பேரு ரத்தம் ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்கப் போட்ருக்கிற ஈடிடிஏ பட்டா அப்படி ஒட்டிக்கும், மிஷின் ஒரு கொத்த ஒண்ணா எண்ணும், இல்ல எண்ணாமலே விட்டுரும். நீல மூடி சிட்ரேட் ட்யூப்ல மறுபடி எடுத்து ஓட்டி, அதுல இருக்கிற திரவத்துக்காக 1.1 ஆல பெருக்கினா 1,40,000. மிஷின் மேல தப்பில்ல, அது அதோட வேலையத்தான் பாத்துச்சு. நம்பர நம்பலாமா வேணாமான்னு முடிவு பண்றதுதான் நம்ம வேலை.

இன்னொண்ணு, ரத்தம் பத்தலன்னு ஊதா மூடி ட்யூப்ல இருந்து சிவப்பு மூடி ட்யூப்க்கு கொஞ்சம் சாச்சு ஊத்துற பழக்கம் இன்னமும் இருக்கு. ஈடிடிஏ பொட்டாசியம் உப்பா இருக்கறதால பொட்டாசியம் தாறுமாறா ஏறும், கால்சியம் கீழ போயிரும், அத நம்பி டாக்டர் வைத்தியத்த ஆரம்பிச்சா இருதயத்துலதான் போய் முடியும். அதனாலதான் எந்த ட்யூப் முதல்ல எந்த ட்யூப் பின்னாடின்னு ஒரு வரிசை, கைல கட்டுற பட்டைய ஒரு நிமிஷத்துக்கு மேல விடக்கூடாதுன்னு ஒரு விதி, பேஷன்ட் பேர அவங்க வாயாலயே சொல்லச் சொல்லி அங்கேயே ட்யூப்ல எழுதணும்னு ஒரு விதி எல்லாம்.

இதெல்லாம் சொல்லித் தராத எடத்துல படிச்சிட்டு வர்ற பிள்ளைங்கள நெனச்சாத்தான் எனக்கு வயித்தக் கலக்குது. ஒரு பொண்ணு, வேலைக்குச் சேந்து மூணாவது நாள், ஊசிக்குத் திருப்பி மூடி போடப் போயி விரல்ல குத்திக்கிச்சு. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டியாம்மான்னு கேட்டா முழிக்குது. ரெண்டு வருஷம் பீஸ் வாங்கினவங்க ஒருத்தரும் அதப் பத்திப் பேசவே இல்லையாம். 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ், அப்புறம் ஆன்டிபாடி 10 mIU/mLக்கு மேல வந்துருச்சான்னு ஒரு டெஸ்ட், இத முடிக்காம ஊசியத் தொடாதீங்க. குத்திருச்சுன்னா வெக்கப்பட்டு மறைக்காம சோப்பு தண்ணில கழுவிட்டு உடனே சொல்லுங்க, எச்ஐவி தடுப்பு மாத்திரைய எவ்வளவு சீக்கிரம் போடறமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனம் இல்ல.

படிப்புன்னா டிப்ளமோ ரெண்டு வருஷம், பி.எஸ்சி எம்எல்டி இன்டர்ன்ஷிப்போட சேத்து நாலு வருஷம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடில ரெண்டு ரூம் வெச்சு "ஆறு மாசத்துல லேப் டெக்னீஷியன்"னு போர்டு போட்ருப்பாங்க, போயிராதீங்க. எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா அரசு வேலைக்கு அப்ளை பண்றப்ப நீங்க படிச்ச எடத்துக்கு அங்கீகாரம் இருக்கான்னுதான் பார்ப்பாங்க, இல்லன்னா அங்கேயே கதவு மூடிரும். 2021ல மருத்துவம் சார்ந்த பணிகளுக்குன்னு தேசிய ஆணையச் சட்டம் வேற வந்துருச்சு, அதுல நம்ம தொழிலும் இருக்கு, இனிமே பதிவு இல்லாம ஓட்ட முடியாது.

தனியார் லேப்ல ஆரம்பச் சம்பளம் கம்மிதான், மறைக்க விரும்பல. மொத ரெண்டு வருஷம் ரத்தம் எடுக்கிற கலெக்‌ஷன் மட்டும் பாக்காம மைக்ரோபயாலஜி, பிளட் பேங்க்னு சுத்தி வாங்க, கைல வேலை இருந்தா பேசிக் கேக்கலாம்.

அட்மிஷனுக்குப் போறப்ப ஆபீஸ் ரூம்ல உக்காராம ரெண்டாம் வருஷப் பிள்ளைங்க யாரையாவது தனியாப் பிடிச்சு, "தினமும் ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா, இதுவரைக்கும் எத்தன பேருக்கு ரத்தம் எடுத்திருக்கீங்க"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினாங்கன்னா பீஸ் கட்டாம வீட்டுக்குத் திரும்பிருங்க.